உரக்கடையிலிருந்து தொடங்கலாம்: அணைவு அயனிகளுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

இடைநிலைத் தனிமங்கள் (செம்பு, இரும்பு போன்ற உலோகங்கள்) பாடத்தைத் திறந்ததும் பலரும் முதலில் அணைவு அயனிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யப் போகிறார்கள். டெட்ராஅம்மீன், ஹெக்சாசயனிடோ, பிஸ், ட்ரிஸ் என்று வாய் சுளுக்கும் அளவுக்குப் பெயர்கள். இரண்டு வாரத்தில் அத்தனையும் மறந்துவிடும். என் கணக்குப்படி வரிசையே தலைகீழ். முதலில் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அப்புறம் காரணம், கடைசியில்தான் பெயர்.

இந்த வழிகாட்டி மூன்று பேருக்கு: பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படிப்பவர்கள், திருப்பூர், ஈரோடு, பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறை ஆய்வகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், நுண்ணூட்ட உரப் பையில் எழுதியிருக்கும் ‘சீலேட்’ என்றால் என்ன என்று யோசிக்கும் விவசாயிகள். மூவருக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு சோதனையிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே வாருங்கள்: இப்போது உலோகத்தைச் சுற்றி நிற்பது யார்?

என்னென்ன வாங்க வேண்டும்

உரக்கடையில் மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட், அன்னபேதி என்கிற ஃபெரஸ் சல்பேட், ஜிங்க் சல்பேட் மூன்றும் கிடைக்கும். ஜிங்க் சல்பேட்டில் 21 சதவீதம் என்று போட்டது, 33 சதவீதம் என்று போட்டது என இரண்டு வகை உண்டு. நமக்கு 21 சதவீதம்; படிகத்துக்குள் ஏழு நீர் மூலக்கூறுகள் உள்ள வகை அது. கடைக்காரர் “எந்தப் பயிருக்குங்க?” என்பார். “பயிருக்கில்லீங்க, படிக்கிறதுக்குங்க” என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி. சாய ரசாயனக் கடையில் இடிடிஏ (EDTA) டைசோடியம் உப்பு, வெள்ளைப் பொடியாக இருக்கும். மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட், வாஷிங் சோடா, கல்லுப்பு. அம்மோனியாக் கரைசலையும் நீர்த்த கந்தக அமிலத்தையும் மட்டும் வெளியில் தேடி அலைய வேண்டாம். பள்ளி அல்லது பட்டறை ஆய்வகத்தில், பொறுப்பாளர் பக்கத்தில் இருக்கும்போது பயன்படுத்துங்கள். அம்மோனியா நெடி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும். பிளீச்சிங் பவுடர் அதன் பக்கத்திலேயே வரக்கூடாது.

மயில்துத்தம் விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம். சமையல் பாத்திரம் எதையும் தொடாதீர்கள், கழுவி வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது: மயில்துத்தமும் உப்பும் சேர்ந்தால் அதை ஓட்டையாக்கிவிடும். கண்ணாடி டம்ளர், பிளாஸ்டிக் கரண்டி, சிறிய மின்தராசு போதும்.

அளவு எளிது. 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் மயில்துத்தம் 2.5 கிராம், அன்னபேதி 2.8 கிராம், ஜிங்க் சல்பேட் 2.9 கிராம், இடிடிஏ 3.7 கிராம். நான்கும் லிட்டருக்கு 0.1 மோல் என்ற ஒரே செறிவில் வரும். ஆக, சம அளவு ஊற்றினால் சம எண்ணிக்கையில் அயனிகள் சந்திக்கும். பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் போதும். போர் தண்ணீர் வேண்டாம். ஏன் என்பது பின்னால் தெரியும்.

முதல் படி: நீல நிறம் யாருடையது?

ஒரு சிட்டிகை மயில்துத்தத்தைச் சோதனைக் குழாயில் போட்டு மெல்லச் சூடாக்குங்கள். சுமார் 200 டிகிரிக்குள் நீலம் முழுக்க வெளுத்து வெள்ளைப் பொடியாகிவிடும். அதற்கு மேல் கண்டபடி சூடேற்றினால் கந்தகப் புகை வரும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆறியபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நீலம் திரும்பும், குழாயும் சூடாகும்.

செம்பு அயனி அதேதான், சல்பேட்டும் அதேதான். போனதும் வந்ததும் தண்ணீர் மட்டுமே. படிகத்தில் ஒவ்வொரு செம்பு அயனியையும் நான்கு நீர் மூலக்கூறுகள் நேரடியாகப் பிடித்திருக்கின்றன. மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிஜன்கள். ஐந்தாவது நீர் மூலக்கூறு செம்பைத் தொடுவதே இல்லை, ஹைட்ரஜன் பிணைப்பில் ஓரமாக நிற்கிறது. நீர் தன்னிடமுள்ள தனித்த இரட்டை எலக்ட்ரானைச் செம்புக்குக் கொடுத்துப் பிணைகிறது. இப்படிக் கொடுப்பவரை ஈனி என்கிறோம். ஈனிகள் சூழ்ந்த உலோக அயனிதான் அணைவு அயனி. உலோகத்தை நேரடியாகத் தொடும் அணுக்களின் எண்ணிக்கை அணைவு எண்.

இரண்டாம் படி: ஈனியை மாற்றிப் பார்ப்பது

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். மொத்தப் பாடமும் இந்த ஒரு டம்ளருக்குள் இருக்கிறது.

மயில்துத்தக் கரைசல் 20 மில்லி எடுத்து, நீர்த்த அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் வெளிர்நீலக் கலங்கல் வரும். அது காப்பர் ஹைட்ராக்சைடு. அம்மோனியா தண்ணீரில் உண்டாக்கும் காரத்தால் வீழ்படிவாகிறது. பல மாணவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ‘நீல வீழ்படிவு’ என்று எழுதிவிடுவார்கள். நிறுத்தாமல் இன்னும் விடுங்கள். கலங்கல் கரைந்து, எதிர்ப்பக்கம் தெரியாத அளவுக்கு ஆழ்ந்த ஊதா கலந்த நீலம் வரும். செம்பைச் சுற்றியிருந்த நான்கு நீர் மூலக்கூறுகளின் இடத்தை நான்கு அம்மோனியா பிடித்துக்கொண்டது. இன்னும் இரண்டு நீர் மூலக்கூறுகள் மேலும் கீழும் கொஞ்சம் எட்ட நிற்கின்றன. செம்பின் அளவு ஒரு துளி கூடவில்லை. அம்மோனியாக் கரைசல் ஊற்றியதால் செறிவு குறைந்துதான் இருக்கிறது. நிறமோ பல மடங்கு ஏறிவிட்டது.

இப்போது நீர்த்த கந்தக அமிலத்தை மெதுவாக விட்டால் கலங்கல் திரும்ப வந்து, பிறகு பழைய வெளிர்நீலம் ஆகும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி அம்மோனியாவைத் தன் பக்கம் இழுத்து அம்மோனியம் ஆக்கிவிடுகிறது. அம்மோனியத்திடம் கொடுக்க எலக்ட்ரான் இரட்டை இல்லை, ஆகவே அது ஈனியாக இருக்க முடியாது. காலியான இடத்துக்கு நீர் வந்துவிடும்.

இன்னொரு டம்ளரில் அதே மயில்துத்தக் கரைசலோடு கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கலக்குங்கள். கரைசல் பச்சையாகும். குளோரைடு அயனிகள் சில நீர் மூலக்கூறுகளைத் தள்ளிவிட்டன. முழுக்கத் தள்ளினால் மஞ்சள் நிற டெட்ராகுளோரோ அணைவு கிடைக்கும். மஞ்சளும் நீலமும் கலந்த நிலையைத்தான் பச்சையாகப் பார்க்கிறோம். தண்ணீர் நிறைய ஊற்றுங்கள், மறுபடி நீலம். எந்த ஈனி கூட்டமாக இருக்கிறதோ அதன் பக்கம் சமநிலை சாயும்.

மூன்றாம் படி: இடிடிஏ

மயில்துத்தக் கரைசல் 10 மில்லி வீதம் இரண்டு டம்ளர். ஒன்றில் இடிடிஏ கரைசல் 12 மில்லி ஊற்றுங்கள், மற்றதில் அதே அளவு தண்ணீர். இரண்டிலும் வாஷிங் சோடாக் கரைசல் விடுங்கள். தண்ணீர் ஊற்றிய டம்ளரில் உடனே நீலப்பச்சைக் கூழ் இறங்கும். இடிடிஏ இருக்கும் டம்ளரில் ஒன்றும் இறங்காது. கரைசல் தெளிந்த நீலமாகவே நிற்கும்.

அம்மோனியா ஒரு கையால் பிடிக்கும். இடிடிஏ-வின் ஒரே மூலக்கூறுக்கு ஆறு பிடிமானங்கள்: இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி கவ்வுவது போல எல்லாப் பக்கத்திலிருந்தும் கவ்விக்கொள்ளும். ஒரு கொக்கி கழன்றாலும் மற்றவை விடாது. இதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர், கடை மொழியில் சீலேட். பிடியின் வலுவைச் சொல்ல நிலைப்பு மாறிலி உண்டு. மிகப் பெரிய எண் என்பதால் அதன் மடக்கையை எழுதுவார்கள். இடிடிஏ-வுக்கு கால்சியத்தோடு 10.7, ஃபெரஸ் இரும்போடு (சுமை கூட்டல் 2) 14.3, துத்தநாகத்தோடு 16.5, செம்போடு 18.8, ஃபெர்ரிக் இரும்போடு (சுமை கூட்டல் 3) 25.1. மடக்கையில் ஒன்று கூடினால் பத்து மடங்கு என்பதை நினைவில் வைத்து இந்த வரிசையைப் பாருங்கள். கால்சியத்துக்கும் ஃபெர்ரிக் இரும்புக்கும் இடையே இருப்பது கோடி கோடி மடங்கு வித்தியாசம்.

சாயப்பட்டறையில் இந்த எண்கள் தினமும் வேலை செய்கின்றன. பருத்தித் துணியை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கும்போது, துருவிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்த இரும்பும் செம்பும் பெராக்சைடை அந்த இடத்தில் மட்டும் வெறித்தனமாகச் சிதைக்கும். துணியில் குண்டூசி குத்தியது போல ஓட்டை விழும். அதைத் தடுக்கத்தான் ‘சீக்வஸ்ட்ரிங் ஏஜென்ட்’ போடுகிறார்கள். உலோகத்தைக் கவ்விச் சும்மா இருக்க வைக்கும் ஈனி அது.

அதற்காகச் சாயத் தொட்டியிலும் இடிடிஏ-வைக் கை தாராளமாகப் போட்டுவிடாதீர்கள். சில சாயங்களின் மூலக்கூறுக்குள்ளேயே செம்போ குரோமியமோ ஈனியாகச் சாயத்தையே வைத்து அணைவாக உட்கார்ந்திருக்கும். வலுவான சீலேட் அந்த உலோகத்தைப் பிடுங்கிவிட்டால் ஷேடு மாறிப்போகும். டர்க்காய்ஸ் நீலம் மட்டும் இதற்கு மசியாது. அது காப்பர் தாலோசயனின். நான்கு நைட்ரஜன்களின் வளையத்துக்கு நடுவில் செம்பு இறுக்கமாகச் சிக்கியிருக்கிறது. நம் ரத்தத்தில் இரும்பு உட்கார்ந்திருப்பதும் ஏறக்குறைய இதே மாதிரி நான்கு நைட்ரஜன் வளையத்தில்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் சாய டப்பாவின் தொழில்நுட்பத் தாளில் ‘மெட்டல் காம்ப்ளெக்ஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்வது நல்லது.

தண்ணீரின் கடினத்தன்மை பார்ப்பதும் இதே இடிடிஏ-வால்தான். மேலே செய்த கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லி தண்ணீரோடு பிஎச் 10 தாங்கல் கரைசல், சிட்டிகை எரியோகுரோம் பிளாக்-டி என்ற நிறங்காட்டி சேர்த்தால் ஒயின் சிவப்பு. பியூரெட்டிலிருந்து இடிடிஏ விட்டுக்கொண்டே வந்து தெளிந்த நீலம் ஆனதும் நிறுத்துங்கள். செலவான மில்லியை 20-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்ற கணக்கு வந்துவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 200. வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை. கால்சியமும் மெக்னீசியமும் இடைநிலைத் தனிமங்கள் அல்லதான். ஆனால் தண்ணீரில் இரும்போ செம்போ இருந்தால் நிறம் மாறாமல் முரண்டு பிடிக்கும்: அந்த உலோகங்கள் நிறங்காட்டியையே இறுகப் பிடித்துக்கொள்வதால் இடிடிஏ-வால் விடுவிக்க முடிவதில்லை. பியூரெட் காலியாகியும் சிவப்பு மாறாவிட்டால் சந்தேகம் அங்கே போகட்டும்.

நான்காம் படி: அன்னபேதியும் கடுக்காயும்

அன்னபேதி வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாக மாவு படிந்திருந்தால் ஃபெரஸ் இரும்பு காற்றுபட்டு ஃபெர்ரிக் ஆகிவிட்டது என்று அர்த்தம். கரைசல் செய்தவுடன் இரண்டு சொட்டு நீர்த்த கந்தக அமிலம் விட்டு வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும்.

கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அதில் அன்னபேதிக் கரைசலைச் சில சொட்டு விட்டால் கருக்கும். காற்றில் வைக்க வைக்க இன்னும் கருக்கும். கடுக்காயின் டானின் மூலக்கூறில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஆக்சிஜன்கள் இரும்பைக் கவ்வுகின்றன. காற்று இரும்பை ஃபெர்ரிக் ஆக்கியதும் கருநீலக் கறுப்பு முழுசாக எழுகிறது. பழைய காலத்து எழுத்து மையும் கறுப்புச் சாயமும் இந்த வழியில்தான். இரும்புச் சத்து மிகுந்த போர் தண்ணீரில் டீ போட்டால் கறுத்துப்போவதும் இதுவே, டீயில் டானின் இருக்கிறது.

இதில் சிட்ரிக் ஆசிட் அரைக் கரண்டி போடுங்கள். கறுப்பு வெளுத்துப் போகும். அமிலம் டானினின் பிடியைத் தளர்த்துகிறது, சிட்ரேட் இரும்பைத் தன் பக்கம் இழுக்கிறது. இலைவழித் தெளிப்புக்கு அன்னபேதியோடு சிட்ரிக் ஆசிட் சேர்க்கச் சொல்வதும் இதனால்தான்: இரும்பு பழுப்புத் துருவாக இறங்காமல் கரைந்தே இருக்கும்.

சுக்கான் கலந்த சுண்ணாம்பு மண்ணில் மஞ்சளும் கரும்பும் வெளுத்து நிற்பதை நம் பக்கம் நிறையப் பார்க்கலாம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, பிஎச் ஏறியதால் கரையாமல் கிடக்கிறது. அதில் அன்னபேதியைத் தூவினால் அதுவும் சீக்கிரமே கரையாத ஹைட்ராக்சைடாகிவிடும். இடிடிஏ-வில் கட்டிய இரும்பும் பிஎச் 7 தாண்டிய மண்ணில் வெகுநாள் தாங்காது. கால்சியம் கூட்டமாக வந்து இடத்தைப் பறித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மண்ணுக்கு இடிடிஹெச்ஏ (EDDHA) என்ற இன்னும் இறுக்கமான ஈனி உண்டு. அதற்கு விலை அதிகம். ஆகவே மண் பரிசோதனை அட்டையில் பிஎச் என்ன என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஐந்தாம் படி: நிறமே இல்லாத உலோகம்

ஜிங்க் சல்பேட்டுக்கு அம்மோனியா விடுங்கள். வெள்ளைக் கலங்கல், பிறகு கரைந்து தெளிவு. செம்பில் நடந்த அதே ஈனி மாற்றம் இங்கேயும் நடந்தது, நிறம்தான் வரவில்லை. ஏன் என்று கேட்டால்தான் கொள்கைக்குள் நுழைகிறோம்.

இந்த உலோகங்களின் வெளிப்புறத்தில் எலக்ட்ரான்கள் தங்கும் இடங்களாக ஐந்து டி ஆர்பிட்டால்கள் இருக்கின்றன. தனி அயனியில் ஐந்துக்கும் ஒரே ஆற்றல். ஆறு ஈனிகள் எண்முகியாகச் சூழ்ந்தால், ஈனிகளை நேருக்கு நேர் பார்க்கும் இரண்டு ஆர்பிட்டால்கள் மேலே போகும், இடைவெளிகளைப் பார்க்கும் மூன்று கீழே இறங்கும். இந்த ஆற்றல் வித்தியாசம்தான் பிளவு. ஹான்ஸ் பெத்தே 1929-ல் படிகங்களுக்காகச் சொன்ன இந்தக் கருத்துதான் படிகப் புலக் கொள்கை. கீழே இருக்கும் எலக்ட்ரான் மேலே தாவ ஒளியிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மிச்சமுள்ள ஒளி நம் கண்ணுக்கு நிறம். நீர் சூழ்ந்த செம்பு சிவப்புக்கு அப்பால் 800 நானோமீட்டர் வாக்கில் உறிஞ்சுகிறது, அதனால் வெளிர்நீலம். அம்மோனியா பிளவை அதிகமாக்குவதால் உறிஞ்சுவது 600 வாக்கில் வந்துவிடுகிறது, நீலம் ஆழமாகிறது. துத்தநாக அயனியில் பத்து எலக்ட்ரான்கள். மேலேயும் கீழேயும் எல்லா இடமும் நிரம்பிவிட்டது. தாவ இடமில்லை, ஆகவே நிறமில்லை.

எந்த ஈனி எவ்வளவு பிளக்கும் என்பதை 1938-ல் ஜப்பானிய வேதியியலாளர் ரியூதாரோ த்சுசிதா வரிசைப்படுத்தினார். ஏறுவரிசையில் சுருக்கமாக: அயோடைடு, புரோமைடு, குளோரைடு, நீர், அம்மோனியா, சயனைடு, கார்பன் மோனாக்சைடு. இது ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தால் பரவாயில்லை. எல்லா நிறத்தையும் இதில் அடக்கிவிடாதீர்கள். பெர்மாங்கனேட்டின் மாங்கனீசில் டி எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் அந்த ஊதா. அது ஆக்சிஜனிலிருந்து உலோகத்துக்கு எலக்ட்ரான் தாவுவதால் வருவது. கடுக்காய்க் கறுப்பும் அந்த ஜாதிதான்.

காங்கேயம் அருகே படியூரில் ஒரு காலத்தில் வெட்டியெடுத்த பெரில் கல்லின் கடல்நீலத்துக்கும் உள்ளே சிக்கிய இரும்புதான் காரணம். தூய பெரில் நிறமற்றது. நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணி செய்தவர்கள் இந்தக் கணக்கைத் தெரியாமலேயே நிறம் பார்த்துக் கல் பொறுக்கியிருக்கிறார்கள்.

ஆறாம் படி: எண்ணுவதும் பெயரும்

இப்போது எண்ணுவது சுலபம். நான்கு அம்மோனியா சூழ்ந்த செம்பணைவின் மொத்த மின்சுமை கூட்டல் 2. அம்மோனியாவுக்குச் சுமை இல்லை. ஆக செம்பு கூட்டல் 2. டெட்ராகுளோரோ அணைவின் சுமை கழித்தல் 2. நான்கு குளோரைடு கழித்தல் 4. செம்பு மறுபடியும் கூட்டல் 2. ஃபெர்ரோசயனைடு, ஃபெர்ரிசயனைடு இரண்டிலும் ஆறு சயனைடு. முதலாவதின் சுமை கழித்தல் 4, இரண்டாவதில் கழித்தல் 3. இரும்பின் எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆல்ஃபிரட் வெர்னர் 1893-ல் இந்தக் கணக்கைப் போட்டபோது எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு கோபால்ட்டுக்கு மூன்று குளோரின் என்ற ஒரே விகிதம், அம்மோனியா மட்டும் ஆறு, ஐந்து, நான்கு என மாறும் உப்புகள் அவர் கையில் இருந்தன. சில்வர் நைட்ரேட் விட்டால் மூன்று, இரண்டு, ஒன்று என்றுதான் குளோரைடு வீழ்படிவானது. வீழாத குளோரின் உலோகத்தை நேரடியாகப் பிடித்திருக்கிறது, எப்படியும் கோபால்ட்டைச் சுற்றி ஆறு பேர்தான் என்றார். 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதைக் கோட்டுப்படமாக வரைந்துவிட்டுப் பெயரிடும் விதிகளைப் படியுங்கள். ஒரு மாலையில் முடிந்துவிடும்.

கழிவை என்ன செய்வது

சாக்கடையில் ஊற்றக்கூடாது, வாய்க்காலிலும் கிணற்றுப் பக்கத்திலும் கூடவே கூடாது. செம்பு மீனுக்கு விஷம். நொய்யலுக்காக 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன ஊரில் இருந்துகொண்டு இதில் அலட்சியம் காட்ட முடியாது.

செம்புக் கரைசல்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். அம்மோனியா கலந்திருந்தால் முதலில் நீர்த்த அமிலம் விட்டு வெளிர்நீலத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் செம்பு அணைவாகவே நின்று இறங்க மறுக்கும். பிறகு துருவில்லாத இரும்பு ஆணிகளைப் போட்டு ஓரிரு நாள் வையுங்கள். ஆணியில் செம்பு படியும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பயிர் மருந்தான போர்டோ கலவையில் அரிவாளை முக்கி, செம்பு ஏறுகிறதா என்று பார்த்துச் சுண்ணாம்பு கூட்டுவார்களே, அதே வினை. நீலம் போனதும் சுண்ணாம்பு நீர் விட்டுக் கலக்கி, மிச்ச உலோகம் அடியில் படிந்தபின் வண்டலைக் காயவைத்துப் பள்ளி அல்லது பட்டறையின் ரசாயனக் கழிவோடு சேர்த்துவிடுங்கள். துத்தநாகம், இரும்புக் கரைசல்களும் சுண்ணாம்பில் இறங்கிவிடும்.

இடிடிஏ கலந்ததை மட்டும் இந்த வாளியில் ஊற்றாதீர்கள். மூன்றாம் படியில் வாஷிங் சோடாவுக்கே மசியாதது சுண்ணாம்புக்கும் எளிதில் மசியாது. தனிப் புட்டியில் ஊற்றி, உள்ளே இருப்பது என்ன என்று மேலே எழுதி ஒட்டி, ஆய்வகப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.